செவ்வாய் இல்லாத இடத்துக்குக் குறி

பாபநாசத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "செவ்வாய் பூமிக்கு மிக அருகில் வருகிற அன்றைக்கே ராக்கெட்டை விட்டால் தூரம் மிச்சம்தானே?"

இஸ்ரோ செவ்வாய்க்கு அனுப்பிய மங்கள்யானையே எடுத்துக்கொள்வோம். 2014 ஏப்ரலில் செவ்வாய் நமக்கு 9 கோடி கி.மீ. சொச்சத்தில் இருந்தது. மங்கள்யான் அப்போது நடுவழியில். செப்டம்பர் 24 அன்று அது போய்ச் சேர்ந்தபோது, செவ்வாய் 21 கோடி கி.மீ.க்கும் அப்பால் விலகிவிட்டிருந்தது. திட்டமே அதுதான்.

ஏன் என்று புரிய வயலுக்குப் போவோம். நடவு வயலில் பெண்கள் பின்னால் நகர்ந்துகொண்டே நடுவார்கள். வரப்பிலிருந்து நாற்றுமுடி வீசுகிறவர் அவர்கள் நிற்கிற இடத்துக்கு வீசுவதில்லை. வந்து சேரப்போகிற இடத்துக்குத்தான் வீசுவார். இனி, அந்த வரப்பே பூமியாகி நொடிக்கு 30 கி.மீ. ஓடுகிறது என்று வையுங்கள்; நாற்றுமுடிதான் கலம். நடவுக்காரம்மா செவ்வாயாகி வெளிவட்டத்தில் நொடிக்கு 24 கி.மீ. வேகத்தில் போகிறார். வயலின் நடுவே சூரியன் நின்றுகொண்டு முடியைத் தன் பக்கம் இழுக்கிறது.

வேடிக்கை இங்கேதான். முடிக்கு வேண்டிய வேகத்தில் பெரும்பகுதியை வரப்பே இனாமாகக் கொடுத்துவிடுகிறது. பூமி ஓடும் திசையிலேயே நொடிக்கு 3 கி.மீ. கூட்டினால் போதும். சூரியனை விட்டு விலக விலகக் கலத்தின் வேகம் குறைகிறது. செவ்வாயின் பாதையைத் தொடும்போது 22 கி.மீ.கூடத் தேறாது. ஆக, கலம் செவ்வாயைத் துரத்திப் பிடிப்பதில்லை. செவ்வாய்தான் பின்னாலிருந்து வந்து கலத்தை எட்டுகிறது!

இந்தச் சந்திப்பு நடக்க, புறப்படும் நாளில் செவ்வாய் பூமிக்குச் சுமார் 44 டிகிரி முன்னால் இருக்க வேண்டும். அந்த அமைப்பு 26 மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும். 2013 அக்டோபர் 28 அன்று கிளம்ப வேண்டிய மங்கள்யான், கண்காணிப்புக் கப்பல் பசிபிக்கில் மோசமான வானிலையில் சிக்கித் தாமதமானதால் நவம்பர் 5-க்குத் தள்ளிப்போனது. அதைச் சுமந்த பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டுக்கு நேரே செவ்வாய்க்கு அனுப்பும் வலு கிடையாது. பூமியைச் சுற்றிச் சுற்றிச் சுற்றுப்பாதையை உயர்த்தி, டிசம்பர் 1 நள்ளிரவு தாண்டித்தான் விடைபெற்றது. தவறவிட்டிருந்தால் அடுத்த வாய்ப்பு 2016 ஜனவரி.

இந்தச் சிக்கனப் பாதையை 1925-லேயே கணக்குப் போட்டு வைத்தவர் ஜெர்மன் பொறியாளர் வால்டர் ஹோமன். வரலாறு இவ்வளவு போதும்.

'450 கோடியில் செவ்வாய், சினிமாவைவிட மலிவு' என்று நாம் மார்தட்டினோம். ஆனால், கலத்திலிருந்த அறிவியல் கருவிகளின் மொத்த எடை சுமார் 15 கிலோ என்பதை யாரும் தலைப்பில் போடவில்லை. தலைப்பை மட்டும் பார்த்தால் போதாது. இனி எந்தக் கோடீஸ்வரராவது செவ்வாய்க்குத் தேதி அறிவித்தால், 2026 கடைசியா, 2028 கடைசியா என்று பாருங்கள். இடைப்பட்ட தேதி சொன்னால், எரிபொருள் கணக்கைக் கேளுங்கள்.