முட்டும் தலைக்கும் அடி உண்டு

திண்டுக்கல்லுக்கு வடக்கே வடமதுரை, அய்யலூர், வேடசந்தூர்ப் பக்கத்து மானாவாரிக் காடுகளில் ஆடு வளர்ப்பு பழைய தொழில். அய்யலூரில் வியாழக்கிழமைதோறும் கூடும் ஆட்டுச் சந்தை தமிழகத்தில் பெயர் பெற்றது. அங்கே கட்டியிருக்கும் கிடாக்களில் இரண்டு ஒன்றையொன்று முறைத்துக்கொண்டால் என்ன நடக்கிறது? வெள்ளாட்டுக் கிடா பின்னங்கால்களில் எழுந்து நின்று, மேலிருந்து தலையை இறக்கி மோதும். செம்மறிக் கிடா அப்படிச் செய்வதில்லை. அது சில அடி தூரம் பின்னுக்குப் போகும். பிறகு தலையைத் தாழ்த்தி ஓடிவந்து முட்டும்.

இந்தப் பின்வாங்கல் தமிழர் கண்ணுக்குப் புதிதல்ல. சண்டைக் கிடாவைத் 'தகர்' என்று பழந்தமிழ் கூறும். ஊக்கமுள்ளவன் காலம் பார்த்து ஒடுங்கியிருப்பதை, தாக்குவதற்காகப் பின்வாங்கும் தகருக்குத் திருவள்ளுவர் ஒப்பிட்டிருக்கிறார்.

ஆனால் விஞ்ஞானம் இங்கே ஒரு கேள்வி கேட்கிறது. உடலிலேயே மிக மென்மையான உறுப்பு மூளை. அந்த மூளை இருக்கும் தலையைக் கொண்டே ஒரு விலங்கு அடிக்கிறது. எதிரிக்கு விழும் அடி தனக்கும் விழாதா? விழும் என்றால், இத்தகைய ஆபத்தான தாக்குதல் இயற்கையில் எப்படி நிலைத்தது?

அடியின் கணக்கு

முதலில் பின்வாங்குவது ஏன் என்று பார்ப்போம். ஒரே அளவு விசையோடு ஓடும் பொருள், ஓடும் தூரம் கூடக்கூட அதிக இயக்க ஆற்றலைப் பெறுகிறது. தூரம் இரட்டித்தால் ஆற்றலும் இரட்டிக்கும். ஆகவே கிடாவுக்குப் பின்வாங்கல் என்பது அடிக்கு ஆற்றல் சேர்க்கும் வேலை.

40 கிலோ எடையுள்ள ஒரு கிடா, நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வந்து மோதுவதாக வைத்துக்கொள்வோம். எடையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கினால் இயக்க ஆற்றல் கிடைக்கும். அது 500 ஜூல். 25 கிலோ அரிசி மூட்டை ஒன்றை இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டால் ஏறத்தாழ இதே ஆற்றலோடுதான் தரையில் விழும்.

இனி விசையைக் காண்போம். எடையை வேகத்தால் பெருக்கினால் உந்தம். இங்கு அது 200 அலகுகள். கிடாவின் உடல் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்தில் நிற்கிறது என்று கொண்டால், சராசரி விசை 4000 நியூட்டன் ஆகிறது. அதாவது தன் எடையைப் போல் பத்து மடங்கு! நிற்கும் நேரம் பாதியாகக் குறைந்தால் விசை இருபது மடங்காகிவிடும்.

இந்த விசை எதிரிக்கு மட்டும் சேர்வதல்ல. ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்று நியூட்டன் 1687-ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டார். எதிரி ஓடிவந்தாலும் சரி, அசையாமல் நின்றாலும் சரி, முட்டிய தலைக்கும் முட்டுப்பட்ட தலைக்கும் விசை ஒன்றே. வேறுபடுவது அதை வாங்கும் இடம்தான். கொம்பில் வாங்கினால் தாங்கலாம். விலாவில் வாங்கினால் எலும்பு முறியும். எனவேதான் தாக்கப்படும் கிடாவும் தலையைத் திருப்பிக் கொம்பைக் கொடுக்கிறது.

கொம்பு தரும் காப்பு

கொம்பின் வெளியுறை நமது நகமும் மயிரும் ஆக்கப்பட்ட அதே கெரட்டின் என்ற பொருளால் ஆனது. மோதும்போது அது சிறிது வளைந்து கொடுத்து ஆற்றலில் ஒரு பகுதியை விழுங்குகிறது. அதனுள்ளே எலும்புத் தண்டு உள்ளது. நெற்றி எலும்பினுள் காற்றறைகள் இருக்கின்றன. தடித்த கழுத்துத் தசைகளும் மடங்கும் கால்களும் உடல் நிற்கும் நேரத்தை நீட்டிக்கின்றன. நேரம் நீண்டால் விசை குறையும் அல்லவா? வைக்கோல் மெத்தையில் விழுபவனுக்கு அடிபடாததும் இதே காரணத்தால்தான்.

இத்தனை காப்பு இருப்பதால், முட்டும் விலங்குகளின் மூளைக்குக் கேடு இராது என்று பலரும் நினைத்திருந்தார்கள். 2022-ஆம் ஆண்டில் நியூயார்க்கிலுள்ள மவுன்ட் சினாய் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்து அறிவித்தார்கள். வடதுருவப் பகுதியில் வாழும் கஸ்தூரி எருதுகள் மூன்றின் மூளைகளையும், வட அமெரிக்க மலைகளில் வாழும் பெருங்கொம்பு ஆடுகள் நான்கின் மூளைகளையும் அவர்கள் ஆராய்ந்தனர். கஸ்தூரி எருதுகளின் மூளையில் அடிபட்டதற்கான அடையாளங்கள் தெளிவாகக் காணப்பட்டன. தலையில் பலமுறை அடிபட்ட மனிதர்களின் மூளையில் சேரும் 'டௌ' என்ற புரதத்தின் மாறிய வடிவம் அவற்றில் இருந்தது. பெருங்கொம்பு ஆடுகளில் இது குறைவாகவே தென்பட்டது.

காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. மண்டை ஓடு சட்டென்று நிற்கிறது. உள்ளே நீர்மத்தில் மிதக்கும் மூளை நிற்பதில்லை. ஓடும் பேருந்தில் பிரேக் போட்டால் நாம் முன்னே சாய்வதைப்போல அதுவும் முன்னே சென்று ஓட்டின்மீது மோதுகிறது. கொம்பு எவ்வளவு வலுவானாலும் இந்த உள்மோதலை முற்றிலும் தடுக்க இயலாது. ஆக, கிடாவின் முட்டு இலவசமானதல்ல. அதற்கு விலை உண்டு.

விளையாட்டிலும் இதே விலை

வியப்பு என்னவென்றால், இந்த விலையை ஒரு வீடியோ விளையாட்டு எண்களாகவே எழுதி வைத்திருக்கிறது. 1996-ஆம் ஆண்டில் ஜப்பானில் தோன்றிய 'போக்கிமான்' விளையாட்டைப் பல மாணவர்கள் அறிவார்கள். கற்பனை விலங்குகளைப் பிடித்து, வளர்த்து, ஒன்றோடொன்று மோதவிடுவது அதன் வேலை. அதை உருவாக்கிய சடோஷி தஜிரி சிறுவயதில் பூச்சி சேகரிப்பதில் பெருவிருப்பம் கொண்டவர்.

அந்த விளையாட்டில் அடித்தவனையே திருப்பித் தாக்கும் அடிகள் சில உண்டு. 'டபுள் எட்ஜ்' என்ற மோதலின் வலு 120. இது பொதுவாகக் குறி தவறாது. எதிரிக்கு ஏற்படும் சேதத்தில் மூன்றில் ஒரு பங்கு தனக்கும் வந்து சேரும். 2006-இல் சேர்க்கப்பட்ட 'ஹெட் ஸ்மாஷ்' என்ற தலைமோதலின் வலு 150. ஆனால் நூற்றுக்கு எண்பது முறைதான் அது படும். பட்டால், கொடுத்த சேதத்தில் பாதி தனக்கே திரும்பும்.

எது மேல்? விலங்கின் இனம் முதலான மற்ற விதிகளை ஒதுக்கிவிட்டு, வலுவையே சேதமாகக் கொண்டு கணக்கிடுவோம். முதல் மோதல் ஒவ்வொரு முறையும் 120 தரும். தனக்கு இழப்பு 40. இரண்டாவது மோதலின் சராசரி, 150-இல் நூற்றுக்கு எண்பது, அதாவது அதுவும் 120-தான்! ஆனால் தனக்கு ஏற்படும் சராசரி இழப்பு 60. தருவது ஒன்றே, விலை மட்டும் ஒன்றரை மடங்கு.

அப்படியானால் இரண்டாவதை யாரும் தேர்ந்தெடுக்கக் கூடாதே? அங்கேதான் நுட்பம் இருக்கிறது. எதிரியிடம் 140 அளவு உயிர் மிச்சமிருந்தால், 120 தரும் அடி இரண்டு முறை தேவை. இடையில் எதிரி திருப்பி அடிப்பான். 150 தரும் அடியோ, பட்டால் ஒன்றிலேயே சண்டையை முடித்துவிடும். ஆபத்தான அடியின் பயனைச் சராசரி மட்டும் காட்டாது. அதை எப்போது அடிப்பது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தகரின் ஒடுக்கத்தை வள்ளுவர் 'காலமறிதல்' என்ற அதிகாரத்தில் வைத்தது எவ்வளவு பொருத்தம்!

இயற்கையின் தராசு

விலங்குகள் இக்கணக்கைப் போடுமா? உட்கார்ந்து போடுவதில்லை, பரிணாமம் அவற்றுக்காகப் போட்டு வைத்திருக்கிறது. ஜான் மேனார்ட் ஸ்மித், ஜார்ஜ் பிரைஸ் என்ற இருவரும் 1973-ஆம் ஆண்டில் இதைக் கணித முறையில் விளக்கத் தொடங்கினார்கள். அவர்கள் வழியில் வந்த ஓர் எளிய கணக்கு 'பருந்தும் புறாவும்' எனப்படும்.

ஒரு கூட்டத்தில் சிலர் பருந்துக் குணத்தினர், காயம்படும்வரை போரிடுவர். மற்றவர் புறாக் குணத்தினர். மிரட்டிப் பார்ப்பர், எதிரி பருந்து என்றால் விலகுவர். வெற்றியின் பயன் 20, காயத்தின் இழப்பு 80 என்போம். பருந்தும் பருந்தும் மோதினால் ஒருவருக்கு 20 லாபம், மற்றவருக்கு 80 நட்டம். சராசரியாகத் தலைக்கு 30 நட்டம். பருந்து புறாவைச் சந்தித்தால் பருந்துக்கு 20, புறாவுக்குச் சுழி. புறாவும் புறாவும் சந்தித்தால் தலைக்கு 10. இக்கூட்டத்தில் நான்கில் ஒரு பங்கு பருந்துகள் இருந்தால் இரு குணத்தினருக்கும் கிடைக்கும் சராசரி 7.5 ஆகச் சமமாகிறது. (வாசகர்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.) பருந்துகள் அதற்கு மேல் பெருகினால் தம்முள் மோதி நட்டப்படும். இழப்பு பெரிதாக இருக்கும் இடத்தில் வெறியோடு போரிடுவது சிலருக்குத்தான் கட்டும் என்பது இதன் பொருள்.

இதற்குச் சான்று நம் மாவட்டத்திலேயே உண்டு. கொடைக்கானல் மலையில் வாழும் காட்டுமாட்டுக் காளைகள் எதிரியைக் கண்டவுடன் முட்டுவதில்லை. பக்கவாட்டில் திரும்பி நின்று, தம் உடலின் பருமனைக் காட்டுகின்றன. சிறியது பெரியதைக் கண்டு விலகிவிட்டால் ரத்தம் சிந்தாமல் வழக்கு தீர்கிறது. செம்மறிக் கிடாக்களும் கொம்பையும் உடலையும் பார்த்தே பல தகராறுகளைத் தீர்த்துக்கொள்கின்றன. ஏறத்தாழச் சமபலம் உள்ளவைதான் முட்டிப் பார்க்கும்.

தேனீயின் கதை வேறு. வேலைக்காரத் தேனீ நம்மைக் கொட்டினால், கொடுக்கிலுள்ள முட்கள் தோலில் மாட்டிக்கொள்ளும். நச்சுப்பையும் கொடுக்கோடு பிய்த்துக்கொண்டு வர, தேனீ இறந்துபோகும். தனக்கு முழு நட்டம்! ஆனால் வேலைக்காரத் தேனீ பொதுவாகக் குஞ்சு பொரிப்பதில்லை. கூட்டிலுள்ள தாயும் உடன்பிறப்புகளும் பிழைத்தால் அதன் மரபு பிழைக்கும். விலை கொடுப்பது ஒரு தேனீ. பயன் பெறுவது அதன் குடும்பம். இங்கும் கணக்கு நேராகிவிடுகிறது.

விலை கொடுப்பவர் யார்?

இப்போது கிடாச் சண்டைக்கு வருவோம். சில ஊர்களில் கிடாக்களை வளர்த்து, சம எடையுள்ள ஜோடி பார்த்து மோதவிடும் வழக்கம் இருந்துவருகிறது. மேலே சொன்ன தராசை இங்கே வைத்துப் பாருங்கள். சமமற்ற கிடாக்கள் பார்த்த மாத்திரத்தில் விலகிக்கொள்ளும்; ஆகவே சமமானவற்றையே மனிதர் தேடிப் பிடிக்கிறார்கள். எப்போது, எதனோடு முட்டுவது என்பதைக் கிடா முடிவு செய்வதில்லை. பரிசும் பெயரும் உரிமையாளருக்கு. மூளையில் விழும் அடி கிடாவுக்கு. பயன் ஒருவருக்கும் விலை மற்றொருவருக்கும் ஆகும்போது இயற்கை அமைத்த தடை அறுந்துவிடுகிறது. தனக்கு நட்டமில்லாதவன் 'போதும்' என்று சொல்வது ஏன்?

1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், ஒரு விலங்கை மற்றொன்றோடு சண்டையிடத் தூண்டுவதைக் குற்றமாகக் கூறுகிறது. அந்த விதிக்குப் பின்னால் இரக்கம் மட்டுமல்ல, நல்ல அறிவியலும் இருக்கிறது என்பதை மேற்கண்ட கணக்கு காட்டுகிறது.

போக்கிமான் விளையாட்டிலும் அடி விலங்குக்கே, வெற்றி ஆடுபவருக்கே. ஆனால் அங்கே அடிபட்ட விலங்கைச் சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டுபோனால் ஒரு காசும் இன்றி நொடியில் குணமாகிவிடும். ஆகவே அந்த விளையாட்டை ஆடும் மாணவர் கவலையின்றி ஹெட் ஸ்மாஷ் அடிக்கலாம். அய்யலூர்ச் சந்தையில் நிற்கும் கிடாவுக்கு அப்படியொரு நிலையம் இல்லை. ஒருமுறை கெட்ட மூளை நரம்பு பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அதன் தலையில் விழும் ஒவ்வோர் அடியும் கணக்கில் ஏறிக்கொண்டேதான் இருக்கும்.