நாகலாபுரத்துக் கோயிலும் இரு பேரரசுகளும்

மாணவர்களே, விடுமுறையில் சென்னைக்கு வரும் உங்களுள் பலர் திருப்பதிக்கும் சென்றிருப்பீர்கள். சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகச் சென்றால் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் நாகலாபுரம் என்னும் சிற்றூர் உள்ளது. இன்று அது ஆந்திர மாநிலத்தின் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் எல்லைப்பகுதி அது.

அவ்வூரின் வேதநாராயணர் கோயில் மேற்கு நோக்கியது. ஆண்டுதோறும் பங்குனி மாதத்தில் மூன்று நாள் மாலைக் கதிரவனின் ஒளி வாயில்களைக் கடந்து கருவறைக்குள் செல்கிறது. முதல் நாள் இறைவனின் திருவடியிலும் அடுத்த நாள் உடலின் நடுப்பகுதியிலும் மூன்றாம் நாள் நெற்றியிலும் அது படுகிறது. மச்ச அவதாரக் கோலத்தில் உள்ள இப்பெருமாளைக் காண அந்நாள்களில் பெருங்கூட்டம் கூடும்.

இக்கோயிலை எழுப்பியவர் விசயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் (ஆட்சி: 1509–1529). தம் தாயார் நாகலாதேவியின் நினைவாக ஊருக்கு நாகலாபுரம் எனப் பெயரிட்டவரும் அவரே. தாய்க்குச் செய்த சிறப்பு என்று மட்டும் இதனைக் கொள்ளலாமா? அவர் அரசு எய்திய வரலாற்றை அறிந்தால் வேறொன்றும் புலப்படும்.

கிருஷ்ணதேவராயர் துளுவ மரபினர். அம்மரபு அரியணையில் அமர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அவருடைய தமையனார் வீரநரசிம்மர் முந்தைய சாளுவ மரபினரை அகற்றி 1505-இல் முடிசூடினார். தமையனாரின் தாயார் வேறு. நாகலாதேவி தந்தையின் மற்றொரு மனைவி. வழிவழியாக ஆண்ட குடியில் பிறந்தவர் என்று சொல்லிக்கொள்ள இயலாத அரசர், 'இவர் ஆள்வதற்கு உரியவரே' என்று மக்கள் ஏற்கும்படி செய்தாக வேண்டும். வாளால் நாட்டைப் பிடிக்கலாம்; உரிமையைப் பெற வாள் மட்டும் போதாது. அவ்வுரிமையைக் கோயில் வழங்கியது. விசயநகர அரசர்கள் தொடக்க முதலே தம் ஆணைகளின் இறுதியில் தம் பெயரை எழுதாமல், 'ஸ்ரீ விரூபாக்ஷ' என்று அம்பியில் உறையும் சிவபெருமானின் பெயரையே ஒப்பமாக இட்டனர். ஆணை இறைவனுடையது; அரசர் அதை நிறைவேற்றுபவர். இதுவே அதன் பொருள்.

வடகிழக்கில் இருந்த அண்டை நாட்டிலும் இதே வழக்கம் நிலவியது. ஒடிசாவை ஆண்ட மூன்றாம் அனங்கபீமர் 13-ஆம் நூற்றாண்டிலேயே, நாட்டின் உண்மையான அரசர் பூரியில் உறையும் புருடோத்தமரே என்றும், தாம் அவருடைய பணியாளர் என்றும் அறிவித்தார். பின்னர், 15-ஆம் நூற்றாண்டில் கபிலேந்திரர் கசபதி மரபைத் தோற்றுவித்தார். அவரும் பழைய அரச மரபை அகற்றிவிட்டு வந்தவரே. ஆதலால் பூரிக் கோயில் சுவர்களில் தம் ஆணைகளைப் பொறித்து, அவற்றை மீறுவோர் சகந்நாதருக்கே இரண்டகம் செய்தவர் ஆவர் என எச்சரித்தார். இன்றும் பூரித் தேர்த் திருவிழாவில் கசபதி அரசர் எனப்படுபவர் பொற்கைப்பிடி கொண்ட துடைப்பத்தால் தேர்த்தட்டைப் பெருக்குகிறார். தொலைக்காட்சியில் நீங்கள் பார்த்திருக்கக்கூடும். ஆட்சி போய்விட்டது, துடைப்பம் மட்டும் கையில் நிலைத்துவிட்டது!

இரு நாட்டாரும் திருமாலையும் சிவனையும் வணங்கினர். அப்படியாயின் அவர்கள் நட்புடன் வாழ்ந்தனரா? இல்லை. 1464-ஆம் ஆண்டளவில் கபிலேந்திரரின் படைகள் தமிழகத்தின் உட்பகுதி வரை வந்தன. 'ஒட்டியர்' (ஒடிசா நாட்டவர்) செய்த கலகத்தால் கோயில்களில் வழிபாடு நின்றுபோனதைத் திருக்கோவலூர்ப் பக்கத்துக் கல்வெட்டு ஒன்று குறிப்பிடுகிறது. ஒரே சமயத்தவர் என்பதால் போர் ஓயவில்லை.

கிருஷ்ணதேவராயரின் காலத்தில் நிலை மாறியது. இன்றைய நெல்லூர் மாவட்டத்தில் உள்ள உதயகிரிக் கோட்டை அப்போது கசபதிகளிடம் இருந்தது. ஓராண்டுக்கு மேல் நீடித்த முற்றுகைக்குப் பின் 1514-இல் அவர் அதனை வென்றார். வெற்றிக்குப் பின் நேரே திருமலைக்குச் சென்று 30,000 பொற்காசுகளால் வேங்கடவனுக்குக் கனகாபிடேகம் செய்தார். உதயகிரியிலிருந்து அவர் கொண்டுவந்தவற்றுள் விலைமதிப்பற்றது பாலகிருஷ்ணர் சிலை. அதனை அம்பியில் புதிய கோயில் கட்டி 1515-இல் நிறுவினார். தம் பொற்காசுகளிலும் பாலகிருஷ்ணரின் உருவத்தைப் பொறித்தார். கோட்டையைக் காத்த தெய்வம் இப்போது தம் தலைநகரில் வீற்றிருக்கிறது என்று அறிவிப்பதைவிடப் பெரிய வெற்றிச் செய்தி வேறு என்ன இருக்க முடியும்?

ஆனால் எல்லாத் தெய்வங்களையும் அவர் எடுத்துவரவில்லை. 1516-இல் கசபதி நாட்டின் உட்பகுதியில் உள்ள சிம்மாசலத்தை அடைந்தபோது, அங்குள்ள நரசிம்மருக்கு 991 முத்துகள் கோத்த மாலை முதலிய அணிகலன்களைக் காணிக்கையாக அளித்தார். பகைவர் போற்றிய கோயிலுக்குப் பரிசு கொடுப்பதும் 'இந்நாடும் எம் ஆட்சிக்கு உட்பட்டதே' என்று சொல்லும் ஒரு முறையாகும். பக்தி இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளல் ஆகாது. அக்கால அரசரிடம் பக்தியையும் அரசியலையும் தனித்தனியே பிரித்துக் காண்பது அரிது. இறுதியில் பிரதாபருத்திர கசபதி தம் மகளை அவருக்கு மணமுடித்துக் கொடுத்து அமைதி கண்டார். கிருஷ்ணை ஆற்றுக்கு வடக்கிலிருந்த நிலங்களை ராயர் திருப்பித் தந்தார்.

இப்படையெடுப்பின்போது நிகழ்ந்த மற்றொன்று தமிழர் நினைவில் கொள்ளத்தக்கது. வழியில் ஸ்ரீகாகுளத்தில் தங்கியபோது ஆந்திர விட்டுணு தம் கனவில் தோன்றித் தெலுங்கில் ஒரு காவியம் எழுதப் பணித்தார் என அரசரே கூறுகிறார். அவ்வாறு பிறந்த 'ஆமுக்தமால்யதா' யாருடைய கதை தெரியுமா? திருவில்லிபுத்தூர் ஆண்டாளின் கதை!

வடக்கே இருந்த மற்றோர் அண்டை நாடு 1347-இல் தோன்றிய பாமினி சுல்தானகம். அதன் சுல்தான்கள் சூஃபி ஞானியரின் ஆசியை நாடினர். சமயம் வேறாயினும் முறை ஒன்றே. விசயநகரத்தார் அவர்களோடு ஓயாது போரிட்டனர். ஆயினும் அவர்களிடமிருந்து கற்கவும் தயங்கவில்லை. 'இந்துராய சுரத்திராணர்' என்பது விசயநகர அரசர்களின் பட்டப்பெயர்களுள் ஒன்று. 'சுரத்திராணர்' என்பது 'சுல்தான்' என்னும் சொல்லின் வடமொழி வடிவமே! இரண்டாம் தேவராயர் தம் படையில் முசுலிம் வில்வீரர்களைச் சேர்த்தார் என்றும், அவர்கள் வணங்குவதற்காகத் தம் இருக்கையின் முன் திருக்குர்ஆனை வைத்தார் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் பெரிஷ்டா எழுதியுள்ளார். பின்னாளில் பாமினி அரசு சிதறியபோது, சிறையிலிருந்த பாமினி இளவரசரை விடுவித்து அரியணையில் அமர்த்திய கிருஷ்ணதேவராயர், 'யவனராஜ்ய ஸ்தாபனாசாரியர்' என்னும் பட்டத்தைப் பெருமையுடன் சூடிக்கொண்டார். முசுலிம் அரசை நிலைநிறுத்தியவர் என்பது அதன் பொருள்.

திருமலைக் கோயிலில் கிருஷ்ணதேவராயர் தம் தேவியர் இருவருடன் கைகூப்பி நிற்கும் உலோகச் சிலைகளை அடுத்த முறை உற்று நோக்குங்கள். அவர் தலையில் உயர்ந்த, கூம்பு போன்ற ஒரு தொப்பி இருக்கும். அதன் பெயர் குல்லாய். அச்சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. வேங்கடவன் முன் நிற்கும்போதும் அவர் அதைக் கழற்றவில்லை.

உதயகிரியிலிருந்து வந்த பாலகிருஷ்ணர் அம்பியில் ஐம்பது ஆண்டுகள் வழிபாடு பெற்றார். 1565-இல் தலைக்கோட்டைப் போரில் விசயநகரம் தோற்றது, தலைநகரம் பாழடைந்தது. கருவறை வெறுமையாயிற்று. சிதைவுற்ற அச்சிலை இப்போது சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது.