பிள்ளை பார்க்கும் வீட்டுக்கும் ஒப்பந்தம் தேவையா?

மாலை நான்கு மணி. பதுளையில் ஒரு வீடு. பகலில் ஐந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மாமியின் கதவை ஒருவர் தட்டுகிறார். ஒரு பிள்ளையின் சாச்சா. தெரிந்த முகம்தான். "உம்மாதான் கூட்டிவரச் சொன்னார்" என்கிறார். மாமி பிள்ளையை அனுப்பிவிடுகிறார். ஐந்து மணிக்கு வேலை முடிந்து உம்மா வருகிறார். அவர் யாரையும் அனுப்பவில்லை. கணவன் மனைவிக்கிடையே பிரச்சினை இருப்பது மாமிக்குத் தெரியாது.

இது கற்பனைதான். ஆனால் இப்படி நடந்தால் மாமியிடம் காட்டுவதற்கு ஒரு துண்டுக் கடதாசியாவது இருக்குமா?

ஊவாவின் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் தாய்மாருக்கு நெடுங்காலமாகவே 'பிள்ளைக் காம்பரா' இருந்து வருகிறது. இன்று அது சிறுவர் அபிவிருத்தி நிலையம். அதற்கென ஓர் உத்தியோகத்தரும் இடாப்பும் உண்டு. ஆனால் பதுளை, பண்டாரவளை, வெலிமடை, பசறை நகரங்களில் கடைக்கும் அலுவலகத்துக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் போகும் தாய்மாரில் பலர் நம்புவது பக்கத்து வீட்டைத்தான். அங்கே எல்லாம் வாய்ப்பேச்சு.

"எங்களுக்குள் என்ன எழுத்து?" என்று கேட்பவர்கள் சூரா அல்பகராவைப் புரட்டிப் பார்க்கலாம். அதன் 282ஆவது வசனம் தவணைக் கடனை எழுதி வைக்கவும் சாட்சி வைக்கவும் சொல்கிறது. 233ஆவது வசனம் பிள்ளைக்குப் பாலூட்ட இன்னொரு பெண்ணை அமர்த்தினால், பேசியதை முறைப்படி கொடுத்துவிட வேண்டும் என்கிறது. எழுதுவது அவநம்பிக்கை அல்ல. நாளை வரக்கூடிய மனஸ்தாபத்தை இன்றே தடுப்பது.

நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புச் சேவைகள் 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி மாகாண சபைகளுக்குரிய விடயம். ஆகவே வேறு மாகாணத்திலுள்ள உறவினர் வட்ஸ்அப்பில் அனுப்பிய படிவத்தை நம்பியிருக்க வேண்டாம். உங்கள் பிரதேச செயலகத்துக்குப் போய், சிறுவர் விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் பதிவு பற்றியும் பரிசோதனை பற்றியும் நேரடியாகக் கேளுங்கள். எது எப்படியிருந்தாலும் பின்வருபவை உங்கள் கையில் இருப்பது நல்லது.

முதலாவது, அனுமதிப் படிவம். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, தடுப்பூசி விபரமுள்ள கிளினிக் பதிவேட்டின் பிரதி, ஒவ்வாமை, வழமையான மருந்து, பெற்றோரின் தொலைபேசி இலக்கங்கள். பிள்ளையை அழைத்துச் செல்ல அனுமதியுள்ளவர்களின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் கட்டாயம் வேண்டும். பட்டியலில் இல்லாதவர் சொந்தச் சாச்சாவாக இருந்தாலும், உம்மாவுக்கு ஒரு கோல் எடுத்த பின்னரே கதவைத் திறக்க வேண்டும்.

இரண்டாவது, ஒப்பந்தம். இரண்டு பக்கம் போதும். நேரம், மாதக் கட்டணம், தாமதித்தால் என்ன, நோன்பு காலத்திலும் பெருநாள் விடுமுறையிலும் என்ன, காய்ச்சல் வந்தால் யார் வர வேண்டும், விலகுவதானால் எத்தனை நாள் முன்னறிவித்தல் என்பன அதில் இருக்கட்டும். உணவையும் எழுதுங்கள். தோட்டத்து இந்துக் குடும்பத்துப் பிள்ளை வந்தால் மாட்டிறைச்சி கொடுப்பதில்லை என்பதும் அதில் இருக்க வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்டத் தாய்க்கு நாளொன்றுக்கு இரண்டு இடைவேளைகளை மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் வழங்குகிறது. வேலைத்தலத்தில் பிள்ளைக் காப்பகம் இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையக் கூடாது. அவர் வரும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். தாய்க்கு எந்த மொழி வாசிக்க வருமோ அந்த மொழியில் எழுதுங்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு இரண்டு பேர் முன்னிலையில் வாசித்துக் காட்டிய பின் கையொப்பம் வாங்குங்கள். ஆளுக்கொரு பிரதி.

மூன்றாவது, இரண்டு கொப்பிகள். ஒன்றில் பிள்ளை வந்த நேரமும் போன நேரமும், கொண்டுவந்தவர், கூட்டிப்போனவரின் கையொப்பமும். மற்றதில் விழுந்த காயம், கொடுத்த மருந்து, பெற்றோருக்கு அறிவித்த நேரம். காலையில் வரும்போதே இருந்த தழும்பையும் தாயின் முன்னிலையிலேயே எழுதுங்கள். பின்னொரு நாள் உங்கள் மீது பழி வந்தால் அந்த ஒரு வரிதான் பேசும். பரிசோதனைக்கு முந்திய இரவு ஆறு மாத வரவை ஒரே பேனையால் நிரப்ப வேண்டாம். பார்ப்பவருக்கு அது விளங்கும். பொய்யான இடாப்பை விட, இன்றிலிருந்து தொடங்கிய உண்மையான இடாப்பு மேல்.

நான்காவது, உங்கள் சொந்த ஆவணங்கள். அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தர் சான்றிதழ், பொலிஸ் நற்சான்றிதழ், முதலுதவிப் பயிற்சி பெற்றிருந்தால் அதன் சான்றிதழ். வீட்டிலுள்ள மற்றப் பெரியவர்களின் விபரமும் தேவை. அவர்களும் அந்தப் பிள்ளைகளோடுதான் பகலைக் கழிக்கிறார்கள்.

கடைசியாக, சுவரில் ஒட்ட வேண்டிய ஒரு தாள். சுவசெரிய அம்பியூலன்ஸ் 1990, பொலிஸ் 119, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை 1929. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்ததை நாம் மறக்கவில்லை. மழை நாளில் மண்சரிவு எச்சரிக்கை வரும்போது பெற்றோர் மலையில் அல்லது வேலைத்தலத்தில் இருப்பார்கள். பிள்ளைகளை எந்தப் பாதையால் எங்கே கொண்டுபோவது, பெற்றோர் எங்கே வந்து சந்திப்பது என்பதையும் அந்தத் தாளில் எழுதி, பெற்றோருக்கும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள்.

இவற்றுக்கு ஒரு பைல், இரண்டு கொப்பிகள், சில போட்டோ கொப்பிகள். செலவு அவ்வளவுதான். பரிசோதகர் ஆண்டில் ஒரு நாள் வந்து போவார். சாச்சா எந்த மாலையிலும் வந்து கதவைத் தட்டலாம்.