அல்னரும் ரேடியலும்

முழங்கை எதிலாவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் இருக்கும். அங்கே தோலையொட்டி ஓடும் நரம்புக்கு 'அல்னர்' நரம்பு என்று பெயர். மணிக்கட்டில் மருத்துவர் நாடி பார்ப்பது 'ரேடியல்' தமனியில். முன்கையில் உள்ள அல்னா, ரேடியஸ் என்னும் இரு எலும்புகளின் பெயர்களிலிருந்து பிறந்த பெயரடைகள் இவை. ஒன்று 'அர்' என்றும் மற்றொன்று 'அல்' என்றும் முடிவானேன்? மருத்துவக் கல்லூரிக்கு வரும் மாணவர்கள், குறிப்பாகத் தமிழ்வழியில் பயின்றவர்கள், இத்தகைய சொற்களை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்கிறார்கள். காரணம் சொல்லித் தருவோர் அரிது.

காரணம் லத்தீனில் இருக்கிறது. பெயர்ச்சொல்லைப் பெயரடையாக்க அம்மொழியில் பெருவழக்காக இருந்த விகுதிகளுள் ஒன்று 'ஆலிஸ்'. கப்பலைக் குறிக்கும் 'நாவிஸ்' அதனோடு சேர்ந்து 'நாவாலிஸ்' ஆயிற்று. கடற்படை சார்ந்த 'நேவல்' அதன் வழிவந்ததே. ஆனால், பெயர்ச்சொல்லிலேயே லகரம் இருந்தால், விகுதியிலும் இன்னொரு லகரத்தை ஒலிக்க ரோமானியர் நா விரும்பவில்லை. அப்போது விகுதி 'ஆரிஸ்' எனத் திரிந்தது. சூரியன் 'சோல்', அதன் பெயரடை 'சோலாரிஸ்'. நிலவு 'லூனா', அது 'லூனாரிஸ்'. நம் வீட்டு மாடியில் உள்ள சோலார் தகடு தன் பெயரின் கடைசி எழுத்தை இப்படித்தான் பெற்றது.

இதனை மொழியியலார் வேற்றினமாதல் என்பர். மரம் என்பதோடு 'கள்' சேர்ந்து மரங்கள் ஆகும்போது மகரம் அடுத்த ஒலிக்கு இனமாகிறது. லத்தீனில் நடந்தது அதற்கு நேர்மாறு.

சுவையான திருப்பம் ஒன்று உண்டு. கண்ணீர் லத்தீனில் 'லாக்ரிமா'. இதிலும் லகரம் இருக்கிறது. ஆயினும் கண்ணீர்ச் சுரப்பி 'லாக்ரிமல்' சுரப்பிதான். லகரத்தை அடுத்து ஒரு ரகரம் ஏற்கெனவே வந்துவிட்டது. 'ஆரிஸ்' சேர்த்தால் ரகரம் இரட்டிக்கும். ஆகவே 'ஆலிஸ்' அப்படியே நின்றது. பூ சார்ந்த 'ஃப்ளோரல்', பன்மையைக் குறிக்கும் 'ப்ளூரல்' ஆகியவற்றின் கதையும் இதுவே.

பிற்கால உடற்கூறியலார் புதுச்சொற்களை ஆக்கியபோதும் பெரும்பாலும் இவ்வழக்கையே பின்பற்றினர். அல்னாவில் லகரம் இருந்தது, ரேடியஸில் இல்லை, அவ்வளவுதான். மோலார், வாஸ்குலர், மஸ்குலர் என்று நீளும் பட்டியலை முதலாண்டு மாணவரிடம் நீட்டுமுன் இதைச் சொல்லப் பத்து நிமிடம் போதும். சட்டம் சார்ந்த 'லீகல்', உதடு சார்ந்த 'லேபியல்' போன்றவை இவ்விதிக்கு அடங்காதவை. அவற்றை மட்டும் அவர்கள் மனப்பாடம் செய்யட்டும்.