நுண்ணங்கி தந்த மருந்தும் சந்தையின் தீர்ப்பும்

மலேரியாவுக்குப் பலியாவோரில் மிகப் பெரும்பாலானோர் ஆபிரிக்காவின் சிறுவர்களே. அவர்களைக் காக்கும் மருந்து, ஒரு செடியின் விளைச்சலையும் சந்தை விலையையும் மட்டும் நம்பியிருக்கலாமா? இக்கேள்விக்கு ஆய்வுகூடத்தில் விடை தேடிய ஒரு பேராசிரியரின் பணியை நோக்குவது பயனுடையதாகும்.

இன்று மலேரியா சிகிச்சையின் அடிப்படையாக விளங்கும் ஆர்ட்டெமிசினின், சீன மூலிகைச் செடியொன்றிலிருந்து பெறப்படுவதாகும். அதனைக் கண்டறிந்த சீன விஞ்ஞானி து யூயூவுக்கு 2015 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. செடியை நட்டு மருந்தாக்கி முடிக்க ஒரு வருடத்துக்கும் மேல் செல்லும். தட்டுப்பாடு வந்தால் விலை ஏறும். அதைக் கண்டு விவசாயிகள் பெருமளவில் பயிரிட்டால் விலை சரியும். 2000களின் நடுப்பகுதியில் கிலோவொன்று 1,000 டொலரைத் தாண்டிய விலை, 2007 இல் சுமார் 200 டொலராக வீழ்ந்தது.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்துப் பண்ணையொன்றில் வளர்ந்த ஜே கீஸ்லிங், 1992 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் இணைந்தார். அவரது துறை நுண்ணங்கிகளின் அனுசேபப் பொறியியலாகும். கலத்தினுள் ஒரு பதார்த்தம் படிப்படியாக வேறொன்றாக மாறுகின்றது. ஒவ்வொரு படியையும் ஒரு நொதியம் நிகழ்த்துகின்றது. வேறோர் உயிரினத்தின் பரம்பரையலகைப் புகுத்திப் புதிய படிகளைச் சேர்த்தும், வேண்டாத கிளைகளைக் கட்டுப்படுத்தியும், நாம் விரும்பும் பொருளைக் கலத்தைக் கொண்டே ஆக்குவிப்பது இத்துறையின் நோக்கமாகும்.

கீஸ்லிங் குழுவினர் 2003 இல் பற்றீரியாவிலிருந்து இம்மருந்தின் முன்னோடிப் பொருளொன்றைப் பெற்றனர். 2006 இல், பாணை உப்பச் செய்யும் மதுவத்தில் மூலிகைச் செடியின் பரம்பரையலகுகளைப் புகுத்தி, ஆர்ட்டெமிசினிக் அமிலத்தைப் பெற்றனர். கேட்ஸ் மன்றம் 2004 இல் வழங்கிய 4 கோடியே 26 இலட்சம் டொலர் இம்முயற்சிக்கு உதவியது. வறிய நாடுகளுக்கான மலேரியா மருந்துக்கு உரிமக் கட்டணம் வேண்டாமெனப் பல்கலைக்கழகமும் இணங்கியது. 2013 இல் சனோபி நிறுவனம் இத்தாலியில் வர்த்தக உற்பத்தியைத் தொடங்கிற்று.

ஆனால், அப்போது செடியிலிருந்து பெறப்பட்ட மருந்தின் விலை கிலோவுக்கு 250 டொலருக்கும் கீழ் இறங்கியிருந்தது. இலாபநோக்கின்றி விற்றாலும் மதுவ மருந்துக்கு 350 டொலருக்குக் குறையாது. எனவே 2015 இல் உற்பத்தி நின்றது. மறு வருடம் தொழிற்சாலையும் கைமாறியது.

இதனை விஞ்ஞானத்தின் தோல்வியெனக் கொள்ளலாகாது. மலிவான செடி மருந்து நோயாளிக்கும், அதன் வருமானம் விவசாயிக்கும் நன்மையே. எனினும், அடுத்த தட்டுப்பாட்டின்போது கைகொடுக்க வேண்டிய மாற்றுவழியைப் பேணும் பொறுப்பைச் சந்தை ஏற்பதில்லை. அது அரசுகளும் சர்வதேச அமைப்புகளும் சுமக்க வேண்டிய பொறுப்பாகும்.

இவ்வுண்மையை எமது நாடு அனுபவத்தில் அறியும். 1934-35 ஆம் ஆண்டுகளில் மலேரியாவுக்குப் பல்லாயிரம் உயிர்களைப் பறிகொடுத்த இலங்கையை, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் மலேரியா அற்ற நாடாகச் சான்றுப்படுத்தியது. பல தசாப்தங்களாக இடையறாது இயங்கிய அரச சுகாதார சேவையின் பயன் அது. இலாபக் கணக்கு அதனைத் தந்திராது.

கீஸ்லிங்கின் பணி நிற்கவில்லை. எமது முற்றங்களில் பூக்கும் பட்டிப்பூச் செடியிலிருந்து பெறப்படும் புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டினின் இரு முன்னோடிப் பொருட்களை, அவரது குழு 2022 இல் மதுவத்தில் உருவாக்கியது. அறிவியல் தன் கடமையைச் செய்துவருகின்றது. அதன் பயன் ஏழையின் படுக்கையைச் சென்றடைய வழிசெய்வது ஆட்சியாளரின் கடமையாகும்.