ரத்தம் மிகுந்தாலும் ஆபத்து!

ரத்தம் குறைந்தால் சோகை. மிகுந்தால்? "ஆள் செக்கச் செவேலென்று இருக்கிறார், கொடுத்து வைத்தவர்" என்போம். அந்த மனிதரே, குளித்துவிட்டு வந்தால் உடம்பெல்லாம் அரிக்கிறது, தலை கனக்கிறது, கால் விரல் எரிகிறது என்று சொன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பாலிசைத்தீமியா வீரா என்ற அபூர்வ நோயாக அது இருக்கலாம். சிவப்பணுக்கள் அளவு மீறிப் பெருகி, ரத்தம் குழம்பு போல் தடித்துவிடும். எங்காவது உறைந்தால் பக்கவாதம் அல்லது மாரடைப்பு. 1892-லேயே பாரிஸ் டாக்டர் வாக்கே இந்நோயை விவரித்து எழுதிவிட்டார். காரணம் பிடிபட 2005 வரை ஆயிற்று.

எலும்பு மஜ்ஜைக்கு 'ஜாக்-2' என்ற ஜீன் ஒரு சிக்னல் மாதிரி. சிவப்பணு தேவையென்றால் பச்சை, போதுமென்றால் சிவப்பு. அந்த ஜீனில் ஓர் எழுத்து மாறினால் சிக்னல் பச்சையிலேயே நின்றுவிடும். பிறகென்ன, வண்டிக்குப் பின் வண்டிதான்! நோயாளிகளில் 95 சதவீதத்துக்கும் அதிகமானோரிடம் இம்மாற்றம் உண்டு. பெரும்பாலும் இது பரம்பரைக் குறை அல்ல. மஜ்ஜையின் ஏதோ ஒரு மூலச் செல்லில் நேர்ந்த பிழை.

நோய் தெரிவது பெரும்பாலும் 60 வயதை ஒட்டி. பிழை நேர்ந்தது எப்போது? ரத்த மூலச் செல் ஒவ்வொன்றும் ஆண்டுக்குச் சுமார் 17 சிறு மாற்றங்களைச் சேர்த்துக்கொண்டே முதுமை அடைகிறது. பெரும்பாலும் தீங்கில்லாதவை, ஆனால் சர்வீஸ் ரிஜிஸ்டர் போல் வயதைச் சொல்லிவிடும். 2021-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் இதே நோய்க் குடும்பத்தைச் சேர்ந்த இருவரின் செல்களில் அந்தக் கணக்கைப் பார்த்தார்கள். 63 வயதுக்காரருக்குச் சுமார் 19 வயதிலும், 34 வயதுக்காரருக்குச் சுமார் 9 வயதிலும் பிழை நேர்ந்திருந்தது! அத்தனை வருஷம் சத்தமின்றி ஒரு செல் தன் வம்சத்தைப் பெருக்கியிருக்கிறது.

சிகிச்சை ஒன்று பழங்காலத்து முறைதான்: ரத்தத்தை எடுத்துவிடுவது. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கை 45 சதவீதத்துக்குக் கீழே வைக்கிறார்கள். கூடவே சிறு அளவு ஆஸ்பிரின். (டாக்டர் சொல்லாமல் வாங்கி விழுங்கக் கூடாது.)

ஹீமோகுளோபின் ஆணுக்கு 16.5, பெண்ணுக்கு 16-ஐத் தாண்டினால் டாக்டரிடம் காட்டலாம். பீடி சிகரெட்டாலும் ஏறும், பதற வேண்டாம். இங்கே ஒரு டாக்டர், ஊருக்குப் போனால் வேறொருவர் என்று பார்ப்பவர்கள் பழைய ரிப்போர்ட்டுகளையும் கொண்டுபோவது நல்லது. எந்த வருஷத்திலிருந்து எண் ஏறுகிறது என்பது அதில்தான் இருக்கும்.