சிறு கணனிக்கு ஒரு மரக்கூடு

உள்ளங்கையில் அடங்கும் கணனி ஒன்று உண்டு. பிள்ளைகள் கணனி கற்க வேண்டும் என்ற நோக்குடன் 2012ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த 'றாஸ்பெரி பை' என்பதே அது. தொலைக்காட்சிப் பெட்டியையும் விசைப்பலகையையும் இணைத்தால் பிள்ளைகள் எழுதலாம், படிக்கலாம். ஆனால் அது வெறும் மின்சுற்றுத் தட்டாகவே விற்பனைக்கு வருகிறது.

கொட்டில் வீட்டில் அந்த வெறுந்தட்டு நெடுநாள் நிலைக்காது. புழுதியும் ஈரமும் எறும்பும் அதற்குப் பகை. முதலில் நாமும் ஒரு பிழை செய்தோம். பிஸ்கற் பேணியொன்றினுள் அதை வைத்தோம். தட்டின் அடியில் துருத்தி நிற்கும் பற்றாசு முனைகள் தகரத்தில் பட்டு, கணனி அன்றே பழுதாயிற்று. தகரம் மின்னைக் கடத்தும். கம்பியில்லா இணைப்பையும் தடுக்கும். எனவே மரமே நல்லது.

தட்டின் நீளம் 85 மி.மீ., அகலம் 56 மி.மீ. 4 மி.மீ. தடிப்புள்ள ஒட்டுப்பலகையில், உள்ளளவு 95 மி.மீ. நீளமும் 65 மி.மீ. அகலமும் 40 மி.மீ. உயரமும் கொண்ட பெட்டியொன்றைச் செய்யுங்கள். 2014 முதல் வந்த இந்த அளவுத் தட்டுகளில் நான்கு துளைகள் உள்ளன. அவற்றின் இடைத்தூரம் நீளவாட்டில் 58 மி.மீ., குறுக்கே 49 மி.மீ. பழைய பேனைக் குழாயை 5 மி.மீ. துண்டுகளாக வெட்டி, தட்டுக்கும் பலகைக்கும் இடையில் வைத்து, 2.5 மி.மீ. திருகாணியும் சுரையும் கொண்டு பூட்டுங்கள்.

பக்கத் துவாரங்களை முதலில் காகித மட்டையில் வெட்டிப் பாருங்கள். செருகியின் உடல் உள்ளே போகுமளவுக்குத் துவாரம் பெரிதாக இருக்க வேண்டும். இல்லையேல் செருகி முழுதாகப் பொருந்தாது.

வெப்பத்தை மறக்க வேண்டாம். சூடு 80 பாகையைத் தாண்டினால் கணனி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அடியிலும் மேலேயும் காற்றுத் துளைகள் இட்டு, உட்புறம் நுளம்பு வலையை ஒட்டுங்கள். பெட்டிக்குச் சிறு கால்கள் வையுங்கள். 2023இல் வந்த ஐந்தாம் தலைமுறைக் கணனி கூடுதலாகச் சூடேறும். அதற்குச் சிறு விசிறி பொருத்துவது நல்லது. மூடியை ஒட்டாமல் திருகாணியால் பூட்டினால், பழுது பார்க்க இலகு.

மண்வெட்டிக்குப் பிடி போடத் தெரிந்த கைகளுக்கு இது கடினமான வேலையல்ல. பிள்ளையையும் பக்கத்தில் இருத்திச் செய்யுங்கள். மீண்டும் இடம் மாற நேர்ந்தாலும் பிள்ளையின் படிப்பு இந்தப் பெட்டிக்குள் பத்திரமாகக் கூடவே வரும். எகிப்துக்கு இடம்பெயர்ந்த திருக்குடும்பத்தின் தலைவரும் ஒரு தச்சரே.